மேஸ்திரியின் கோணக்கால்

ஜனவரி 3, சனி

தங்கை சண்பகம் கொண்டுவந்து போட்ட டைரி இது. அவள் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். மருந்துக் கம்பெனிக்காரர்கள் கொடுப்பதெல்லாம் எங்கள் வீட்டுக்குத்தான் வந்து சேரும். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு வியாதியைப் போட்டு, அதற்கு ஒரு மாத்திரையும் போட்டிருக்கிறார்கள். இன்றைக்கு நெஞ்செரிச்சல்.

"மனசுல இருக்கத எழுதுக்கா. நல்லதாம்."

"என் மனசுல ஒண்ணும் இல்ல."

"அப்ப கறிவேப்பில வாங்கணும்னாவது எழுது."

கறிவேப்பிலை வாங்க வேண்டும்.

எழுத விஷயமும் இருக்கத்தான் செய்கிறது. பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் இருபது வருஷமாய் டிராயிங் டீச்சராக இருக்கிறேன். டிராயிங் பீரியட் என்பது கணக்கு டீச்சர் பரிபூரணம் "போர்ஷன் முடியல உலகம்மை, குடுத்துருங்க" என்று வாங்கிக்கொண்டு போகும் பீரியட். நானும் கொடுத்துவிட்டு ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து பறவைகளைச் செதுக்குவேன். செருப்புக் கடையில் வாங்கிய ரப்பர் ஷீட்டில் செதுக்கி, மை உருட்டி, காகிதத்தில் அச்செடுத்து, அதன்மேல் வண்ணம் தீட்டி, கிடைத்த துண்டுகளை ஒட்டுவது என் வழக்கம். இதுவரை என் படம் எந்தச் சுவரிலும் ஏறியதில்லை. பள்ளிக் கண்காட்சியில் ஒரு முறை மாட்டினார்கள், மின்சார மீட்டருக்கு மேலே.

அந்த மீட்டரால்தான் வினை. கணக்கெடுக்க வந்த மின்வாரியத்து நம்பிராஜன் சார் என் மீன்கொத்தியை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "மீன்கொத்திக்குக் கால் இவ்வளவு நீளம் கெடையாது டீச்சர்" என்றார். அவர் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் அது. எனக்கு அன்றைக்கே அவரைப் பிடிக்கவில்லை.

லீவு நாளெல்லாம் மருதங்குறிச்சிக் குளத்துக்குப் பறவை பார்க்கப் போகிறவராம். அந்த மனிதர்தான் இப்போது அந்த ஊர்ப் பஞ்சாயத்தில் என் பேரைச் சொல்லியிருக்கிறார். குளத்தங்கரையில் பறவை பார்க்க வருகிறவர்களுக்காக ஒரு அறை கட்டியிருக்கிறார்களாம். சுவருக்குப் பத்துப் பறவைப் படம் வேண்டுமாம். நாளை போகிறோம்.

ஜனவரி 4, ஞாயிறு

மருதங்குறிச்சி போய் வந்தேன். ஊர் முழுக்கப் பறவை எச்சம். வேப்பமரம், புளியமரம், கொல்லைப்புறத்து உடைமரம் எல்லாவற்றிலும் கூடு. ஊர்க்காரர்கள் முகம் சுளிப்பதே இல்லை. பறவைகள் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்த பிள்ளைகளாம். குஞ்சு பொரித்துப் போகிறவரை அங்கே வெடி கிடையாது, மைக் செட் கிடையாது. கோயில் கொடைத் திருவிழாவே சத்தமில்லாமல்தான் நடக்குமாம்.

பஞ்சாயத்துத் தலைவி தங்கபுஷ்பம் அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "படம் போடுங்க டீச்சர், வேண்டாங்கல. ஆனா ஊர்ப் பொம்பளையள்லாம் பாத்து 'இது எங்க பறவதான்'னு சொல்லணும். சொல்லலைனா எங் கொழுந்தன் ஃப்ளெக்ஸ் கடை வச்சிருக்கான். ஒரே நாள்ல பத்தையும் அடிச்சித் தந்துருவான்."

ஃப்ளெக்ஸ்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் சுவரைப் பார்த்தேன். நல்ல வெள்ளைச் சுவர், வடக்கு வெளிச்சம், எங்கேயும் மீட்டர் இல்லை. இந்தச் சுவரை விடுவதாக இல்லை நான்.

பத்தில் ஒன்று கட்டாயம் மேஸ்திரியாக இருக்க வேண்டுமாம். மேஸ்திரி என்பது ஒரு கிழட்டு மஞ்சள்மூக்கு நாரை. வருஷா வருஷம் முதலில் வந்து இறங்கும். ஒரு பாதம் உள்பக்கமாக மடங்கியிருப்பதால் கோணிக் கோணி நடந்து, ஒவ்வொரு கூடாகக் கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டு வரும். கட்டட வேலையைச் சரிபார்க்கிற மாதிரியே இருப்பதால் அந்தப் பேர். நான் போனபோது மேஸ்திரி குளத்துக்கு அந்தக் கரையில் இருந்தது. "போட்டோ நான் தாரேன்" என்றார் நம்பி சார். திரும்பி வருகையில் பஸ்ஸில் முக்கால் மணி நேரம் அவர் வேறொன்றும் பேசவில்லை. இப்படியும் ஒரு மனிதர்.

ஜனவரி 10, சனி

கூழைக்கடா முடிந்தது. அதன் தாடைப் பைக்கு அல்வாப் பொட்டலக் காகிதத்தை ஒட்டினேன். நெய் ஊறி உள்ளே வெளிச்சம் தெரிகிறது. இதைவிட நல்ல தோல் கிடைக்காது. தாழைக்கோழிக்குச் சொட்டு நீலம். கரண்டிவாயனின் மூக்குக்கு மரக்கரண்டியிலேயே மை தடவி அச்செடுத்துவிட்டேன்.

சரிபார்க்க நம்பி சார் வந்தார். அச்சில் எல்லாம் மாறி விழும் என்று அவருக்கு விளக்கினேன். கட்டம் போட்ட நீலச் சட்டை. போன தடவையும் அதே சட்டைதான். இதை எழுதக் காரணம் ஒன்றுமில்லை, கண்ணில் பட்டது.

பாம்புத்தாராவைப் பார்த்து, "கழுத்து இன்னும் கொஞ்சம் கோணணும்" என்றார். நாமக்கோழியைப் பார்த்து, "நாமம் பெருசு" என்றார். கூழைக்கடாவைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். எனக்கு ஏனோ சந்தோஷமாக இருந்தது. அல்வாக் காகிதத்துக்கான சந்தோஷம்.

உளுந்து மாவு மிஞ்சிக் கிடந்தது, வடை போட்டுக் கொடுத்தேன்.

"காலைலதானக்கா உளுந்து ஊறப்போட்ட? அதுக்குள்ள எப்படி மிஞ்சும்?" என்றாள் சண்பகம்.

அவளுக்கு வாய் ஜாஸ்தி. புருஷன் மஸ்கட்டில் இருப்பதால் அங்கே காட்ட முடியாத வாயை எல்லாம் இங்கே காட்டுகிறாள்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். கரும்பு கடித்து ஒரு பல் ஆடுகிறது. பக்கத்தின் அடியில் பல்வலி மாத்திரை. டைரிக்கு எப்படித் தெரிந்தது?

ஜனவரி 18, ஞாயிறு

மேஸ்திரியின் போட்டோ வந்தது. நல்ல போட்டோ. வரப்பில் நின்று ஏதோ குறை கண்டுபிடித்த முகத்தோடு பார்க்கிறது. மடங்கிய வலதுபாதம் தெளிவாகத் தெரிகிறது. வரைந்து, டிரேசிங் காகிதத்தில் எடுத்து, வழக்கம்போல் திருப்பிப் போட்டு ரப்பரில் பதித்தேன். அச்சில் எல்லாமே கண்ணாடியில் பார்ப்பதுபோல் மாறி விழும். செதுக்கும்போதே திருப்பிச் செதுக்கினால்தான் காகிதத்தில் நேராக வரும். எந்தக் கத்துக்குட்டிக்கும் தெரிந்த விஷயம்.

பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த நம்பி சார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை. அந்தத் தவிப்பில் பின்னால் சாய்ந்தார். பின்னால் மை உருட்டிய தட்டு.

நீலக் கட்டச் சட்டையின் முதுகு முழுக்கக் கறுப்பு. மண்ணெண்ணெய் போட்டுப் பார்த்தேன், போகவில்லை. சண்பகம் சிரிப்பை அடக்கிக்கொண்டு தன் வீட்டுக்காரர் மஸ்கட்டிலிருந்து அனுப்பிய பனியனை எடுத்துக் கொடுத்தாள். முன்பக்கம் பெரிய ஒட்டகம். அதைப் போட்டுக்கொண்டு அவர் பஸ் ஏறினார். கண்டக்டர் ஒட்டகத்தைப் பார்த்ததையும் இவர் வானத்தைப் பார்த்ததையும் வாசலிலிருந்து பார்த்தேன். சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது.

சட்டை இங்கேயே கிடக்கிறது. மை உருளையைத் துடைக்க ஒரு துணி தேவைதான். இரண்டு தடவை துவைத்து, இஸ்திரி போட்டு, அலமாரியில் வைத்திருக்கிறேன்.

ஜனவரி 25, ஞாயிறு

அவமானம். எழுதக்கூடக் கை வரவில்லை, எழுதுகிறேன்.

பத்துப் படத்தையும் கட்டிக்கொண்டு மருதங்குறிச்சி போனோம். அறையில் ஊர்ப் பெண்கள் எல்லாரும் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். சம்பந்தம் பேச வந்த மாதிரி ஒவ்வொரு படமாகத் தூக்கிக் காட்டச் சொன்னாள் தங்கபுஷ்பம் அக்கா.

கூழைக்கடாவுக்கு, "பொருந்தி வந்திருக்கு. மீன் கவிச்சிதான் காணல" என்றார்கள். கரண்டிவாயனுக்கு, "இவ எங்க வீட்டு மரத்துல இருக்கவ" என்று ஒருத்தி கண் கலங்கினாள். ஒன்பது படம் தேறியது. எனக்கு மண்டைக்கனம் ஏறிவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். கடைசியில் மேஸ்திரியைத் தூக்கினேன்.

பாயிலிருந்தவர்கள் எழுந்து கிட்டே வந்து குனிந்து பார்த்தார்கள்.

"இது எங்க மேஸ்திரி கெடையாது" என்றாள் தங்கபுஷ்பம் அக்கா.

"ஏங்க?"

"எங்க மேஸ்திரிக்கு எடது காலுல்லா கோண! இது எவனோ அசலூர்க்காரன்."

"மூஞ்சி அவர் மூஞ்சிதான், கால் மாறிப் போச்சே!" என்றாள் இன்னொருத்தி. "ஆபரேசன் பண்ணி மாத்தி வச்சிட்டாவளா?"

போட்டோவில் வலதுதான், உங்களுக்குத்தான் ஞாபகப் பிசகு என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன். சரி, மேஸ்திரியையே பார்த்துவிடுவோம் என்று எல்லாரும் குளத்துக்குக் கிளம்பினோம். மேஸ்திரி தண்ணீருக்குள் நின்றுகொண்டிருந்தது. இரண்டு பாதமும் சேற்றுக்குள். நாங்கள் வெயிலில் காத்துக் கிடந்தோம். எல்லாப் பறவையும் கரையேறி நடந்தது. மேஸ்திரி மட்டும் அசையவில்லை. எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு அலகை நெஞ்சில் செருகிக்கொண்டு தூங்கிவிட்டது, சவம்.

"அடுத்து வரும்போ கால மாத்திக் கொண்டாங்க. இல்லைனா பத்தும் ஃப்ளெக்ஸுதான். ஒண்ணு மட்டும் ஃப்ளெக்ஸா வச்சா நல்லாவா இருக்கும்?" என்றாள் தங்கபுஷ்பம் அக்கா. மேஸ்திரிக்காக மற்ற ஒன்பதும் போய்விடும் போலிருக்கிறது.

ஜனவரி 26, திங்கள்

கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள். எனக்கு இறங்கவில்லை.

போட்டோவையும் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் வலதுகால். அப்படியானால் போட்டோதான் தப்பு. ஸ்டுடியோவில் மாற்றிப் போட்டுவிட்டார்கள் போல. நம்பி சாருக்கு அதுகூடத் தெரியவில்லை. பாவம், பறவை பறவை என்று அலைகிற மனிதர், இதைச் சொன்னால் சுருங்கிப் போய்விடுவார். சொல்லப் போவதில்லை. இந்தத் தடவை அந்தப் போட்டோவின் டிரேசிங்கைத் திருப்பாமல் அப்படியே வைத்துச் செதுக்கினால் அச்சில் தானாக இடதுகாலாகிவிடும். வேலை முடிந்தது.

அவர் மனசு நோகக்கூடாது என்பதற்காக இல்லை. வீண் பேச்சு எதற்கு என்றுதான்.

ஜனவரி 31, சனி

நம்பி சார் புதுச் சட்டையில் வந்தார். இதுவும் கட்டம்தான், பச்சைக் கட்டம். எனக்கென்னவோ பழசுதான் பொருந்தியது.

டிரேசிங்கைத் திருப்பாமல், அலகு பீரோவைப் பார்க்கும்படி ரப்பர் ஷீட்டின்மேல் வைத்து, பறக்காமலிருக்கக் குழிக்கரண்டியை மேலே வைத்துவிட்டு வடை எடுக்கப் போனேன். (மாவு மிஞ்சியிருந்தது.) திரும்பி வந்தால் அலகு சன்னலைப் பார்க்கிறது. பீரோவா, சன்னலா? நான் எந்தப் பக்கம் வைத்தேன்? எண்ணெய் காய்கிற நினைப்பில் மறந்திருப்பேன். நம்பி சார் அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மின்வாரியத்துக்காரர், பார்க்கட்டும்.

"வட நல்லாருக்கு டீச்சர்" என்றார். அவர் வாயிலிருந்து பறவையல்லாத முதல் வாக்கியம். அதற்குமேல் பீரோ, சன்னல் எதுவும் எனக்கு ஞாபகமில்லை. பதித்தேன், செதுக்கினேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

மறுபடியும் வலதுகால். கால் தானாக மாறியிருக்கும் என்ற நம்பிக்கையில், கடைசி நேரத்தில் அச்செடுத்து, சரியாகப் பார்க்காமலே சுருட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

ஊர்ப் பெண்கள் சிரித்தே விட்டார்கள். "டீச்சருக்குச் சோத்துக் கை, பீச்சாங் கை தெரியுமாக்கா?" என்று ஒருத்தி கேட்க, தங்கபுஷ்பம் அக்கா அவளை அதட்டிவிட்டுத் தானும் சிரித்தாள். கொழுந்தன் அதற்குள் ஒரு மாதிரி ஃப்ளெக்ஸ் அடித்துக் கொண்டுவந்திருந்தான். இன்டர்நெட்டில் எடுத்த நாரை. அலகில் துணித் தொட்டில், தொட்டிலுக்குள் வெள்ளைக்காரக் குழந்தை.

"இவ யாரு வீட்டுப் பிள்ளையத் தூக்கிட்டுப் போறா?" என்று ஒரு கிழவி அலறினாள். அதனால்தான் எனக்கு இன்னும் ஒரு தவணை கிடைத்தது. இருபத்திரண்டாம் தேதி திறப்புவிழா. அன்று காலைக்குள் கொண்டு வர வேண்டும், அதுதான் கடைசி.

பஸ் ஸ்டாப்பில் எனக்கு அழுகை வந்துவிட்டது. நாற்பத்து மூன்று வயதில், சோளப்பொரி விற்கிறவர் பார்க்க, படச் சுருளைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"எனக்கு ஒரு சுவரு கெடச்சிது சார். ஒரே ஒரு சுவரு. அதையும் கைநழுவ விடுதேன்."

நம்பி சார் செருப்பைப் பார்த்தார். பிறகு, "டீச்சர், நாந்தான் திருப்புனேன்" என்றார்.

"என்னத்த?"

"போட்டோவ. அச்சுல மாறி விழும்னு நீங்க சொன்னியல்லா, உங்களுக்குச் சோலி மிச்சமாவட்டும்னு நானே ஸ்டுடியோல திருப்பிப் போட்டு வாங்கியாந்தேன். நீங்களும் திருப்புவியனு தெரியாது. திருப்பும்போது பாத்தேன், சொல்ல வந்தேன், மையில சாஞ்சிட்டேன். பொறவு போன தடவ நீங்க வட எடுக்கப் போனியல்லா..."

"டிரேசிங்கையும் திருப்புனியளா?"

"வழக்கம்போலத் திருப்பித்தான் வச்சிருப்பியனு நெனச்சேன். நான் பண்ணுன தப்ப நானே சரி பண்ணிருவோம்னு..."

"நான் திருப்பாமத்தான வச்சிருந்தேன்! நீங்க சுருங்கிப் போயிருவியனு சொல்லாம வச்சிருந்தேன்!"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது, சத்தியமாகக் கோபம்தான். கூறுகெட்ட மனுசா, வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் என்ன என்று அந்த ஸ்டாப்பிலேயே கத்தினேன். "நீங்களும் ஒரு வார்த்த சொல்லலைல்லா" என்றார் மெதுவாக. சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். அவருக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே இன்றைக்குத்தான் தெரிந்தது. பொரிக்காரர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டுக் கேட்காமலே இரண்டு பொட்டலம் கட்டினார்.

பிப்ரவரி 14, சனி

"இன்னைக்கு என்ன நாளு தெரியுமாக்கா?" என்று கேட்டாள் சண்பகம்.

"சனிக்கிழம. ரேசன்ல சீனி போடுதான், போய் வாங்கிட்டு வா."

போகும்போது கதவை ஏன் அவ்வளவு பதவிசாகச் சாத்திவிட்டுப் போனாளோ.

நம்பி சார் வந்ததும் சட்டம் போட்டேன். இந்த வீட்டில் வாயைத் திறந்து சொல்லாமல் யாரும் எதையும் திருப்பக்கூடாது.

"போட்டோ நேரா இருக்கா?"

"நேரா இருக்கு டீச்சர். எடது கால்."

"டிரேசிங்கைத் திருப்புதேன். பாத்துக்கிடுங்க."

"பாத்துக்கிட்டேன்."

"வட எடுக்கப் போறேன். கை வைப்பியளா?"

"வைக்க மாட்டேன்."

செதுக்கி, மை உருட்டி, காகிதம் போட்டேன். ஒரு முனையை அவர் பிடித்துக்கொள்ள, குழிக்கரண்டியின் முதுகால் தேய்த்தேன். காகிதத்தை மெல்ல உரித்தேன். இடதுகால்! மேஸ்திரி எங்களை அதே குறை கண்டுபிடித்த முகத்தோடு பார்த்தது. மை காய்ந்ததும் இறக்கைக்கு ரோஸ் பூச வேண்டும், அலகுக்குக் கல்யாணப் பத்திரிகையின் மஞ்சள் உறையை ஒட்ட வேண்டும்.

கை கழுவிக்கொண்டே அவர் சொன்னார்: "ஒத்தப் பறவையா நிக்கப்போயித்தான் டீச்சர் இவ்வளவு தொல்ல. ரெண்டு பறவ எதிரெதிரா நின்னா, எப்படித் திருப்புனாலும் ஒண்ணயொண்ணு பாத்துக்கிட்டுத்தான் நிக்கும்."

குழாய் ஓடிக்கொண்டிருந்தது. மை காய இந்த வெயில் போதாது என்று நான் சொன்னேன். அவர் போன பிறகுதான் குழாயை மூடினேன்.

பிப்ரவரி 18, புதன்

ரப்பர் ஷீட் ஒரு துண்டு மிஞ்சிக் கிடந்தது. வீணாக்க வேண்டாமே என்று இரண்டு நாரைகளைச் செதுக்கினேன், எதிரெதிராக. அச்செடுத்துப் பார்த்தேன். பிறகு கண்ணாடியில் காட்டியும் பார்த்தேன். அந்த மனிதர் சொன்னது சரிதான்.

இறக்கைக்கு ஒட்டத் துணி வேண்டியிருந்தது. கைக்கு எட்டிய துணியில் வெட்டினேன். மற்றதற்கு என் அரக்குப் புடவையின் முந்தியில் ஒரு ஓரம்.

"உருள துடைக்க வச்ச துணியத் தலகாணிக்குப் பக்கத்துல ஏன்க்கா வச்சிருக்க?" என்று சண்பகம் கேட்டாள். நான் டைரியைத் திறந்துகொண்டேன். பக்கத்தின் அடியில் 'படபடப்பா?' என்று போட்டிருக்கிறது. மருந்துக் கம்பெனிக்காரனுக்கு வேறு வேலை இல்லை.

பிப்ரவரி 22, ஞாயிறு

விழா பத்து மணிக்கு. எட்டுக்கே போய்விட்டோம், சண்பகமும் கூட. தங்கபுஷ்பம் அக்கா மேஸ்திரியின் படத்துக்கு எதிரே நின்றாள். தன் இடதுகாலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டாள். படத்தைப் பார்த்தாள். திரும்பி நின்று, கழுத்தை முறுக்கி மறுபடியும் பார்த்தாள். பாயில் இருந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு காலைத் தூக்கிக்கொண்டார்கள்.

"வந்துட்டாருட்டி மேஸ்திரி" என்றாள் அக்கா.

ஒருத்தி குலவை போடப் போனாள். பறவை பயந்துவிடும் என்று வாயைப் பொத்தினார்கள். சத்தமில்லாமல் எல்லாரும் கையை ஆட்டினார்கள். கொழுந்தன் ஃப்ளெக்ஸைச் சுருட்டிக்கொண்டு போனான். என் பத்துப் படமும் வெள்ளைச் சுவரில் ஏறின. நான் ஒரு மூலையில் நின்று பார்த்தேன். சந்தோஷமாக இருந்தது. வேறெப்படி எழுத, சந்தோஷம்தான்.

இதோடு வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். "வாசலுக்கு மேல மொட்டையா இருக்கே டீச்சர், இன்னொண்ணு இருக்கா?" என்று அக்கா கேட்டுக்கொண்டே என் பையைத் துழாவினாள். ஃப்ரேம் போட அளவு காட்டலாம் என்று அந்த இரட்டை நாரையைப் பையில் வைத்திருந்தேன். வேண்டாம் என்று நான் சொல்வதற்குள் அதைத் தூக்கிப் பிடித்துவிட்டாள்.

"இது எந்த மரத்து ஜோடி? நம்ம ஊர்ல பாத்ததில்லையே." கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள். "ஏ, இந்த நீலக் கட்டத்த எங்கயோ பாத்திருக்கேன்."

"எக்கா!" என்று பாயிலிருந்து ஒருத்தி துள்ளி எழுந்தாள். "ரெண்டு மாசத்துக்கு ஒருக்க மீட்டர் பாக்க வார சட்டையில்லா அது!"

அந்தச் சட்டையைத் தெரியாத வீடு மருதங்குறிச்சியில் கிடையாது என்பது எனக்கு எப்படித் தெரியும்? முப்பது தலை ஒன்றாகத் திரும்பியது. நம்பி சார் பச்சைக் கட்டத்தில் நின்றுகொண்டிருந்தார். காது இரண்டும் சிவந்திருந்தன. மனிதர் இப்போது மின்விசிறியைப் பார்ப்பார், செருப்பைப் பார்ப்பார், ஒன்றும் பேசமாட்டார் என்று நினைத்தேன்.

"ஆமா. அது நாந்தான்" என்றார்.

தங்கபுஷ்பம் அக்கா படத்தை இன்னும் கிட்டே கொண்டுபோனாள். "சரி. இந்த அரக்கு யாரு?"

நான் சட்டென்று முந்தியை எடுத்து இடுப்பில் செருகினேன். செருகுவதற்குள் அதில் வெட்டியிருந்த ஓரத்தை எல்லாரும் பார்த்துவிட்டார்கள். வேறு புடவை கட்டிக்கொண்டு வந்திருக்கக்கூடாதா நான்? சண்பகம் சுவரில் சாய்ந்து அழுகிற மாதிரிச் சிரித்தாள்.

குலவையை இந்தத் தடவை யாராலும் அடக்க முடியவில்லை. குளத்திலிருந்து பறவைகள் எல்லாம் கிளம்பி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி இறங்கின. மேஸ்திரி மட்டும் கிளம்பவில்லையாம்.

பிப்ரவரி 23, திங்கள்

பள்ளிக்கூடம். பரிபூரணம் வந்து, "போர்ஷன் முடியல உலகம்மை" என்றாள். "எனக்கும் முடியல" என்றேன். பீரியடைக் கொடுக்கவில்லை. பிள்ளைகள் இரண்டு பறவையை எதிரெதிராக வரைந்தார்கள்.

சண்பகம் நேற்றே மஸ்கட்டுக்குச் சொல்லிவிட்டாளாம். இன்னொரு ஒட்டகப் பனியன் வருகிறதாம்.

ஞாயிற்றுக்கிழமை நம்பி சார் அம்பாசமுத்திரத்தில் இருக்கும் தன் அக்காவைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வருகிறார். அதை அவரே வாயைத் திறந்து போனில் சொன்னார். உளுந்து நாலு படி சொல்லியிருக்கிறேன். மிஞ்சிய மாவு இல்லை. எப்போதுமே மிஞ்சியதில்லை.